பஸ்ஸரை ஊமையாக்கியவன்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எக்ஸ்ரே மெஷினைப் பற்றி நான் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை. சர்க்யூட் படிக்க என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் ஸ்பேனரும் மீட்டரும் தூக்கிக்கொண்டு இந்த மாவட்டம் முழுக்க பஸ்ஸில் அலைந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள். என் ஓய்வு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் நான் பிழைக்கவைத்த மெஷின்களைப் பற்றிச் சொன்னார்கள். பிழைக்கவைத்திருக்கக் கூடாத ஒன்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை நானே சொல்கிறேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த புதிது. எங்கள் கம்பெனிக்கு வேலூரில் ஆபீஸ். திருவண்ணாமலையில் கம்பெனிக்கு நான் ஒரே ஆள். வேங்கிக்காலில் ஒரு சின்ன போர்ஷனில் குடியிருந்தேன். அப்போது நர்சிங் ஹோம்களில் எனக்கு ‘மெக்கானிக்’ என்று பெயர். பின்வாசல் வழியாக வரச்சொல்வார்கள். மெஷினுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது, “யோவ், ஆச்சா இல்லியா?” என்று தலைக்கு மேல் குரல் கேட்கும். டிப்ளமாவில் மாவட்டத்திலேயே முதல் மாணவனாகத் தேறியவன் நான். அந்தக் குரல் என்னை எவ்வளவு அறுத்தது என்பதை அப்போது நானே ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். இந்தக் கதைக்கு அது முக்கியம், அதனால் சொல்கிறேன்.

ஒருநாள் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு மாடி வீட்டிலிருந்து ஆள் வந்தது. பழைய ஸ்க்ரீனிங் மெஷின் ஒன்று இருக்கிறது, ஓடவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று. ஸ்க்ரீனிங் மெஷினை நீங்கள் மியூசியத்தில்தான் பார்த்திருப்பீர்கள். அதில் பிலிம் கிடையாது. ஆள் நிற்பார். அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் டியூபிலிருந்து கதிர் வரும். மார்புக்கு முன்னால் ஒரு கண்ணாடித் திரை பச்சையாக ஒளிரும். அதில் உள்ளே துடிக்கிற இதயத்தை நேராகப் பார்க்கலாம். ஒளி மங்கலாக இருக்கும் என்பதால் அறையைக் கும்மிருட்டாக்க வேண்டும். பார்க்கிறவர்கள் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கால் மணி நேரம் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை. தாடி இல்லை, திருநீறு இல்லை, காவி இல்லை. அந்த ரோட்டில் அடையாளம் எதுவும் இல்லாத மனிதர் அவர் ஒருவர்தான். அதனாலேயே தனியாகத் தெரிந்தார். எங்கோ ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் பிலிம் கழுவும் வேலை பார்த்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. விஞ்ஞானி என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது மறுத்ததும் இல்லை.

கேட் வரைக்கும் அவரே வந்தார். “வாங்க என்ஜினீயர் சார்” என்றார்.

நாற்காலி போட்டார். காப்பி வந்தது. மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த ஊர், என்ன படிப்பு, எதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, பதிலைக் கவனித்தார். நான் அரைமணி நேரம் பேசினேன். என் பெண்டாட்டிகூட அதுவரை கேட்காத விஷயங்களைச் சொன்னேன்.

மூடிப்போன ஏதோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிய மெஷின் அது. ட்ரான்ஸ்பார்மர் செத்திருந்தது. மூன்று வாரம் உழைத்தேன். ஒரு மத்தியானம் திரை ஒளிர்ந்தது. மாஸ்டர் மெஷினின் பக்கவாட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அதை நடிப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அவர் மற்றவர்களிடம் பொய் பேசினார்; அந்த மெஷினிடம் பொய் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் தன் கையாலேயே அதைத் துடைப்பார். அதன் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுப்பார். வேறு யாரும் ஸ்விட்சைத் தொடக்கூடாது. “மத்தவங்க தொட்டா இது வெறும் இரும்பு சார். என் கிட்டதான் பேசும்” என்பார்.

அன்றைக்கே கூடத்தில் இருந்த பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் என் தோளில் கைபோட்டு நிறுத்தினார். “இவரைப் பாத்துக்குங்க. செத்துக் கெடந்ததுக்கு உயிர் குடுத்தவரு” என்றார். எல்லோரும் எழுந்து என்னைக் கும்பிட்டார்கள். அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வேங்கிக்கால் வரைக்கும் நடந்தே போனேன்.

அங்கே என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். உள்ளூர்க்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், சில சமயம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள். மாஸ்டரின் அக்கா சரோஜா, இருட்டு அறையில் அவர்களுக்குச் சிவப்புக் கண்ணாடி மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். கால் மணி நேரம் இருட்டில் ஆதரவாக ஒரு பெண் குரல் கேட்டால் மனிதர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். சொன்னது மாஸ்டருக்குப் போய்ச்சேரும். பிறகு, இருட்டாக்கிய கூடத்தில், அவர் அவர்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்துவார். திரைக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்துவைத்திருந்தார். அதில் அவர்களே தங்கள் இதயத்தைப் பார்க்கலாம்.

நினைத்துப் பாருங்கள். கும்மிருட்டு. பச்சை வெளிச்சத்தில் உங்கள் இதயம் துடிக்கிறது. திரைக்குப் பின்னால் நீளும் ஒரு கை நிழலாக, எலும்பெலும்பாக, அதைத் தொடுகிறது. தாழ்ந்த குரல் ஒன்று, நீங்கள் யாரிடமும் சொல்லாததாக நினைக்கும் துக்கத்தைச் சொல்கிறது. “இங்க பாரும்மா. இந்தக் கருப்பு முடிச்சு. உன் தம்பி இங்கதான் உக்காந்திருக்கான்.”

அந்த முடிச்சு எல்லோருடைய மார்பிலும் இருப்பது. நுரையீரலுக்குள் ரத்தக்குழாய்கள் நுழையும் இடத்து நிழல். கதிரின் வலுவைக் குறைத்தால் அது கருப்பாகத் தெரியும், கூட்டினால் வெளிறிப்போகும். முதல் வாரம் குறைவாக வைத்துக்காட்டுவார். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். “கரையுது பாரு” என்பார். அவர்களும் கரைவதைத் தங்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள்.

இதை நான் சில வாரங்களிலேயே கண்டுபிடித்துவிட்டேன். என்னிடம் நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது: அழுதுகொண்டு வருகிறார்கள், லேசாகிப் போகிறார்கள், யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு தப்பைப் பார்த்த அன்றைக்கே அதற்கு ஒரு நல்ல பெயர் கண்டுபிடித்துவிடும் புத்தி நம் எல்லோருக்கும் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும்.

அந்த மெஷினில் ஒரு டைமர் இருந்தது. ஐந்து நிமிடம் கதிர் ஓடினால் பஸ்ஸர் அடித்து, கதிரை நிறுத்திவிடும். சில மாதம் கழித்து மாஸ்டர் அந்தப் பேச்சை எடுத்தார்.

“உங்க மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு சார்” என்றார் சிரித்தபடி. “நடுவுல கத்துது. ஒரு அம்மா இப்பதான் அழ ஆரம்பிக்கிறாங்க, மனசுல இருக்கற கல்லு அப்பதான் நகருது, டக்குனு கத்தி அணைஞ்சுடுது. எல்லாம் போச்சு.”

“அது சேஃப்டிக்கு வெச்சதுங்க மாஸ்டர். அஞ்சு நிமிஷத்துக்கு மேல கதிர் ஒடம்புல படக்கூடாதுன்னு.”

“யாருக்காக வெச்சது? மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாம பட்டனை அமுக்கறவங்களுக்கு. உங்களை மாதிரி உள்ள பூந்து பாத்தவருக்கா?” காப்பியை என் பக்கம் நகர்த்தினார். “முடியாதுன்னா விட்டுடுங்க. வேலூர்லருந்து வேற ஆளைக் கூப்பிடறேன். ஆனா உங்க கை பட்டதை வேற ஒருத்தன் தொடறது எனக்குப் புடிக்கல.”

பத்து நிமிட வேலை. இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு வயர். டைமரின் முள் சுற்றும், ஆனால் கத்தாது, எதையும் நிறுத்தாது. சர்வீஸ் ரிப்போர்ட்டில் ‘பொதுப் பராமரிப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவராவது கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஈயக் கையுறை ஒரு ஜோடி கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்தார். “கையை மூடிக்கினா அது என்னை எப்படித் தெரிஞ்சுக்கும்?” என்றார்.

மூன்று வருடத்துக்குள் டியூப் தேய்ந்துபோனது. புது டியூப் கேட்டு வேலூருக்கு எழுதினேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர் அங்கிருந்து போன் பண்ணினார். அதிகம் பேசாத மனிதர்.

“வாரத்துல ஒருநாள் ஓடற மெஷின்னு எழுதியிருக்க. டியூப் இவ்ளோ சீக்கிரம் எப்படிப் போச்சு? டைமர் வேலை செய்யுதா?”

“செய்யுதுங்க சார்” என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்த பொய் வேறில்லை.

மாஸ்டரின் வலது கை மாற ஆரம்பித்தது. நகங்கள் பழுப்பாகி வரிவரியாக வெடித்தன. புறங்கைத் தோல் காய்ந்து, மரு மருவாக எழும்பியது. பிறகு ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புண். அது ஆறவே இல்லை. அந்தக் கையைப் பார்த்தால் எக்ஸ்ரே வேலை பார்க்கிற யாருக்கும் அது கதிர் சுட்ட கை என்று தெரிந்துவிடும். மாஸ்டர் அதை மறைக்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி எல்லோருக்கும் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டார். சரோஜா அக்கா வருகிறவர்களிடம் சொல்வார்: “உங்க நோவையெல்லாம் தம்பி அந்தக் கையிலதான் வாங்கிக்கிறாரு.” ஜனங்கள் அந்தத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எந்தக் கை அவரைப் பொய்யர் என்று காட்டிக்கொடுத்திருக்க வேண்டுமோ, அதையே அவர் அத்தாட்சியாக ஆக்கிவிட்டார். கூட்டம் ஜாஸ்தியானது.

ஒருநாள் தனியாக இருக்கும்போது, “வலிக்கலீங்களா மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“வலிக்குது” என்றார். “ஆனா அதை விட்டுட்டு நான் யாரு சார்? சட்டை போட்ட ஒரு ஆளு. அவ்ளோதான்.” அன்றைக்கு அவர் உண்மை பேசினார். அதற்காக அவர்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. இரக்கம் வந்ததால் இன்னும் கொஞ்ச காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விஜயா டீச்சரை அந்தக் கூடத்தில் நான் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். கீழ்பென்னாத்தூரில் கணக்கு டீச்சர். அவர் வீட்டுக்காரர் முருகேசன் அங்கேயே விதைக்கடை வைத்திருந்தார். டீச்சரின் தம்பி கிணற்றில் விழுந்து செத்துப்போயிருந்தான். அன்று காலையில்தான் அவனை ஏதோ திட்டியிருந்தாராம். அதிலிருந்து மார்பில் ஒரு இறுக்கம். டாக்டர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். மாஸ்டர் மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக டீச்சர் ஏழெட்டு மாதம் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் நிற்பார். படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வரியையும் நிரூபித்துக்காட்டச் சொல்லிக்கொடுத்தவர்.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு மெஷினைச் சரிபார்க்கப் போயிருந்தேன். முருகேசன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு எழுந்தார்.

“நம்ம டீச்சருக்குத்தான் சார். முதுகுல புண்ணு. ஒன்றரை மாசமா ஆறமாட்டேங்குது. சுகர்னு பாத்தாங்க, சுகர் இல்ல. ஏதாச்சும் சூடு பட்டுதான்னு கேக்கறாங்க. சூடு எங்க படும்?”

உள்ளே நர்ஸ் கட்டுமாற்றிக்கொண்டிருந்தார். திரைச்சீலை சரியாக மூடவில்லை. ஒரு கணம்தான் பார்த்தேன். முதுகின் நடுவே புண். தானாக வரும் புண்ணுக்கு வடிவம் இருக்காது. இதற்கு நான்கு மூலை இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு சதுரம். டியூபின் வாயில் கதிரின் அகலத்தை அளந்து விடும் ஈயக் கதவு இருக்கிறதே, அதன் சதுரம். அந்தக் கதவை அந்த அளவுக்குத் திறந்து பூட்டியவன் நான்தான்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். பத்து அடி தூரம். இது என்ன புண், எப்படி வந்தது என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆளாக அந்த வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். நான் போகவில்லை. முருகேசனிடம், “சரியாயிடும், கவலப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நேராக மாஸ்டரிடம் போனேன். முதலில் அவரிடம் பேசி மெஷினை நிறுத்தச் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாக வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். யார் காப்பாற்றப்பட வேண்டும் என்ற கேள்விக்கு என் கால்கள் பதில் சொல்லிவிட்டன.

மாஸ்டர் முழுவதும் கேட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிறகு கட்டுப்போட்ட கையை என் முழங்கால்மேல் வைத்தார்.

“வேற யாருக்கு சொன்னீங்க?”

“யாருக்கும் சொல்லலீங்க.”

“நல்லது. அந்த வயரைப் போட்டது யாரு சார்?” குரலில் மிரட்டல் இல்லை. குழந்தையிடம் கேட்பதுபோல இருந்தது. “நானா போட்டேன்? எனக்கு வயரைப் பத்தி என்ன தெரியும்? நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா உங்களைத்தானே கேப்பாங்க. உங்க சம்சாரம், பொண்ணு... அதை நெனச்சாதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. நீங்க போய்த் தூங்குங்க. டீச்சரை நான் பாத்துக்கறேன்.”

நானும் போனேன். இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் ஜுரம் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில், அந்தச் சதுரம் கண்ணைவிட்டுப் போகாததால், எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

டீச்சரின் கட்டில் காலியாக இருந்தது.

“முந்தாநேத்தே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்களே” என்றார் நர்ஸ். “அவங்க மாஸ்டர்னு ஒருத்தர், கையில கட்டோட, அவரே வந்து கூட்டினு போனாரு. டாக்டர் எவ்ளோ சொல்லியும் அந்தம்மா கேக்கல.”

அன்று வெள்ளிக்கிழமை. ஆட்டோ பிடித்தேன். செங்கம் ரோட்டு வீட்டு வாசலில் செருப்பு குவிந்திருந்தது. கூடத்துக் கதவு உள்ளே சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து மெஷினின் ரீங்காரம் கேட்டது. அந்த ஓசைதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. கதிர் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ நின்றுகொண்டிருக்கிறார்கள்.

கதவைத் தட்டி, உள்ளே போய், அவருக்கு எதிரே நின்று பேசினால் அவர் என்னைப் பேச்சிலேயே முடித்துவிடுவார். அது எனக்குத் தெரியும். அந்தக் குரல் கேட்காத இடத்திலிருந்துதான் நான் எதையாவது செய்ய முடியும். வராந்தாவில் மீட்டர் பெட்டி. மெயினை இறக்கி, மூன்று ப்யூஸையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ரீங்காரம் நின்றது. உள்ளே ஒரு சலசலப்பு. யாரோ கதவைத் திறந்தார்கள். வெயில் நேராக உள்ளே விழுந்தது.

டீச்சர் மெஷினில் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டு முதுகில் அப்படியே இருந்தது. அதன்மேலேயேதான் கதிர் பட்டுக்கொண்டிருந்தது.

“அவங்களை நகத்துங்க!” என்று கத்தினேன். “அந்தப் புண்ணு இந்த மெஷினாலதான் வந்துது. எல்லாரும் முதுகைப் பாத்துக்குங்க. அஞ்சு நிமிஷத்துல நிக்க வேண்டியது இது. நிக்காதபடி பண்ணவன் நான்தான். என் கையாலதான் பண்ணேன்!”

நான்கைந்து பேர் என்மேல் விழுந்தார்கள். சட்டை கிழிந்தது. வாயில் அடி விழுந்தது. மாஸ்டர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“அடிக்காதீங்க” என்றார் மெதுவாக. உடனே எல்லாக் கையும் நின்றது. “பாவம். ரொம்ப நாளா அவருக்கு மனசு சரியில்ல. இந்த மெஷினுக்கு உயிர் குடுத்தவரு. அது தன்கிட்ட பேசலன்னு அவருக்கு வருத்தம்.”

நான் உண்மையைச் சொன்னேன். அவர் நாலு வார்த்தை சொன்னார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். டீச்சர் மெஷினைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, “உங்களுக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன் சார்? இன்னும் கொஞ்சந்தான் பாக்கி இருக்குதுன்னு சொன்னாரு. இப்பப் போய் நிறுத்திட்டீங்களே” என்றார். அழுதார். ஒருவர்கூடத் தன் முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஆனால் முருகேசன் அங்கே இருந்தார். டீச்சரின் தோளில் துண்டைப் போர்த்தி, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். என் ஆட்டோதான் நின்றுகொண்டிருந்தது. மூவரும் அதில் ஏறினோம்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வாரம், எத்தனை நிமிடம், எவ்வளவு கதிர் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மூணு நாள் முன்னாடி நீங்க இங்கதானே இருந்தீங்க?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

வேங்கிக்காலில் இருந்த அரசாங்க ஆபீஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு அதிகாரி, “வாயால சொன்னா ஆவாது, எழுதிக் குடுங்க” என்றார். என் வயரையும், பொய் ரிப்போர்ட்டையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் மெஷினுக்குச் சீல் வைத்தார்கள். கம்பெனி என்னை ஒரு வருடம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. வேலூர் சீனியர் அந்தப் புகாரைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“போன்ல கேட்டேனே, அப்ப ஏன் பொய் சொன்ன?”

“அவரு என்னை என்ஜினீயர்னு கூப்பிட்டாருங்க” என்றேன். அதைத் தவிர வேறு காரணம் தேடிப்பார்த்தேன். கிடைக்கவில்லை. அவர் புகாரை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்தார். தானும் ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

விஜயா டீச்சருக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து இரண்டு முறை முதுகில் வைத்துத் தைத்தார்கள். இரண்டு முறையும் பிடிக்கவில்லை. கதிர் பட்ட சதையில் ரத்த ஓட்டம் செத்துவிடும். மேலே வைக்கிற எதுவும் ஒட்டாது. புண்ணிலிருந்து ரத்தத்தில் விஷம் ஏறி, எட்டு மாதத்தில் இறந்துபோனார். சாகும்வரை மாஸ்டர் சொன்னதுதான் சரி என்றும், நடுவில் நிறுத்தியதால்தான் இப்படி ஆனது என்றும் சொல்லிக்கொண்டிருந்தாராம். கூடத்துக்கு வந்தவர்களில் இன்னும் மூன்று பேருக்கு அதே மாதிரிச் சதுரம் இருந்தது. அவர்கள் பிழைத்தார்கள். எத்தனை பேர் சொல்லாமல் மறைத்தார்கள் என்று தெரியாது. மாஸ்டருக்குச் சென்னையில் முதலில் இரண்டு விரலையும், பிறகு மணிக்கட்டு வரைக்கும் எடுத்தார்கள். புற்று அக்குள்வரை பரவியிருந்தது. அவர்மேல் போட்ட வழக்கு முடிவதற்கு முன்பே இறந்துபோனார். அவரைப் பார்க்க நான் போகவில்லை. போகாதது கோபத்தால் இல்லை. போனால் அவர் இரண்டு நிமிடத்தில் என்னை மன்னித்துவிடுவார். நானும் அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயந்தேன்.

உங்களுக்கு என்ன சொல்வேன்? தப்பு உங்களுடையதாக இருந்து, நோயாளி இன்னும் கட்டிலில் இருந்தால், முதலில் வைத்தியம் பார்க்கிறவரிடம் போங்கள். மெஷினின் சொந்தக்காரரிடம் அல்ல, மேலதிகாரியிடம் அல்ல, வீட்டுக்கும் அல்ல. நான் செய்ததில் வயரைவிடப் பெரிய தப்பு அந்த மூன்று நாள்தான். வயரைப் போட்டபோது எனக்கு விளைவு தெரியாது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த மூன்று நாளுக்கு அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த மெஷினைப் பிரித்து அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது நான் மறுபடி வேலையில் சேர்ந்திருந்தேன். அதன் உட்புறம் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால் என்னையே அனுப்பினார்கள். காலை பத்து மணிக்கு அரசு ஆட்கள் இரண்டு பேரோடு சீலை உடைத்து உள்ளே போனேன். செய்தி எப்படியோ பரவியிருந்தது. கேட்டுக்கு வெளியே நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். சத்தம் போடவில்லை. ஒரு பெண் கம்பி வழியே கையை நீட்டி, “ஒரு ஸ்க்ரூ குடுங்க சார், சாமி ரூம்ல வெச்சுக்கறேன்” என்று கேட்டார். டியூபை உடைத்தேன். ட்ரான்ஸ்பார்மர் எண்ணெயை வடித்தேன். திரைக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தபோது முருகேசன் உள்ளே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“அந்தக் கண்ணாடிய எனக்குக் குடுங்க சார்.”

“எதுக்குங்க?”

“அவ நெஞ்சைக் கடைசியா அதுலதான் பாத்தேன்.”

“அதுல எதுவும் தங்காதுங்க. கதிர் நின்னா அந்த நிமிஷமே போயிடும். இப்ப அது வெறும் கண்ணாடி.”

“தெரியும். குடுங்க.”

அதிகாரியைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொடுத்தேன். ஈயம் கலந்த கண்ணாடி, நல்ல கனம். முருகேசன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார். கூட்டம் வழிவிட்டது. ரோட்டு ஓரத்தில், எல்லோரும் பார்க்க, அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கல்லின்மேல் ஓங்கிப் போட்டார். வெடி வெடித்ததுபோல நொறுங்கியது. “போதும்! இதோட விட்டுடுங்க!” என்று கத்தினார்.

பிறகு சரோஜா அக்கா குனிந்து ஒரு துண்டை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவர் குனிந்தார். பிறகு எல்லோரும். கர்சீப்பில், துண்டில், டிபன் பாக்ஸில் பொறுக்கினார்கள். பொடியைக்கூட விரலால் தொட்டு எடுத்தார்கள். “கையைக் கிழிக்குங்க, வேணாம்” என்று நான் கேட்டுக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். முருகேசன் அவர்களுக்கு நடுவில் நின்று ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கால் மணி நேரத்தில் அந்த இடம் பெருக்கிவிட்டதுபோல ஆகிவிட்டது. எல்லோரும் கலைந்து போனார்கள். முருகேசன் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.